திரை, சிம், கூகுள்: கைபேசிக்கு மூன்று பூட்டு

புதுப் போன் வாங்கியவர் கடையை விட்டு இறங்கும் முன்பே திரைக்குக் கண்ணாடி ஒட்டி, கவரும் போட்டுக்கொள்வார். இரண்டும் போனின் உடம்பைக் காக்கும். உள்ளே இருக்கிற வங்கிக் கணக்கையும் வட்ஸ்அப்பையும் பிள்ளைகளின் படங்களையும் காப்பவை வேறு மூன்று: திரைப் பூட்டு, சிம் அட்டை, கூகுள் கணக்கு. இவற்றில் ஒன்று திறந்து கிடந்தாலும் மற்ற இரண்டுக்கும் அதுவே வழியாகிவிடும். சிம் கிடைத்தவருக்குக் குறுஞ்செய்தியில் வரும் சரிபார்ப்பு இலக்கங்கள் கிடைக்கும். அந்த இலக்கங்களால் கூகுள் கடவுச்சொல்லை மாற்றலாம். கூகுள் போனால் தொடர்பு எண்களும் படங்களும் சேர்ந்தே போகும். ஆகவே மூன்றையும் ஒரே மாலையில் செய்து முடியுங்கள். ஒன்றரை மணித்தியாலம் போதும். போனோடு ஒரு பேனையும் கொப்பித் தாள் ஒன்றும் வேண்டும்.

இங்கே பெரும்பாலானோரின் போன் ஆங்கிலத்தில் இருப்பதால், மெனுப் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கம்பனிக்குக் கம்பனி பெயர் சற்று மாறும். தேடிக் கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டுங்கள்.

முதல் வேலை தாளில்

அழைப்பு எடுக்கும் இடத்தில் *#06# என்று அழுத்துங்கள். பச்சைப் பொத்தானை அழுத்தத் தேவையில்லை, ஐஎம்ஈஐ எனப்படும், போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் தானாகவே திரையில் வரும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண் இருக்கும், இரண்டையும் தாளில் எழுதுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது முதலில் கேட்பது இதைத்தான். போன் போன பிறகு இதைத் தேடினால் பெட்டியையோ பற்றுச்சீட்டையோதான் நம்ப வேண்டும், பலர் அவற்றை எறிந்துவிடுகிறார்கள்.

அதே எண் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஐஎம்ஈஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, 15 இலக்கங்கள் என்று எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். பாவித்த போன் வாங்குபவர் காசு கொடுக்கும் முன்பே, கடையில் நின்றபடியே இதைச் செய்ய வேண்டும்.

தாளில் இன்னும் இரண்டு எண்கள்: உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண், வங்கி அட்டையை நிறுத்தும் 24 மணி நேர எண். மூதூரிலோ கிண்ணியாவிலோ பின்னேரம் போன் தொலைந்தால், திருகோணமலை நகரத்துக் கிளைக்கு வந்து சேரும்போது கதவு மூடியிருக்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பது இந்த எண்கள்தான். தாளை அலுமாரியில் வையுங்கள், போன் கவருக்குள் வேண்டாம். கவரின் பின்னால் அடையாள அட்டையையும் ஏ.டி.எம். அட்டையையும் செருகி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உங்கள் பெயரில் யாருடனாவது பேச ஒரு திருடனுக்கு வேண்டியது போனும் அடையாள அட்டை எண்ணும்தான். அவை இரண்டையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது.

திரைப் பூட்டு

திரையைத் திறக்கும் எண்ணான பின் 4 இலக்கம் என்றால் 10,000 சாத்தியங்கள், 6 இலக்கத்துக்கு 10 இலட்சம். 6 இலக்கம் வையுங்கள். பிறந்த ஆண்டு, வாகன இலக்கம், 123456 இவை வேண்டாம். புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் பற்றனைத் தவிர்ப்பது நல்லது. பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கு விரல் போகும் வழி ஒரே பார்வையில் மனதில் நிற்கும், எண்ணெய் பட்ட விரல் என்றால் கோடு கண்ணாடியிலேயே தெரியும்.

விரல் ரேகை நல்லதுதான், ஆனால் பின்னுக்கு மேல் வைக்கும் வசதி மட்டுமே. போனை அணைத்துப் போட்டால் அது பின்னைத்தான் கேட்கும். வலை இழுத்து, கயிறு பிடித்துக் காய்த்த விரல்களில் ரேகை சரியாகப் பிடிபடாது, உப்புத் தண்ணீரில் ஊறிய கையிலும் அப்படித்தான். அலுத்துப்போய்ப் பூட்டையே எடுத்துவிட வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரே பெருவிரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பதியுங்கள், இரண்டாம் தடவை விரலின் ஓரங்களைக் காட்டுங்கள். வேலை குறைந்த கையின் சுண்டுவிரலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, திரை தானாகப் பூட்டும் நேரத்தை 30 செக்கனுக்குக் குறையுங்கள். பிறகு நொட்டிபிகேஷன்ஸ் பகுதிக்குள் போய், பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள். வங்கி அனுப்பும் இலக்கம் பூட்டிய திரையிலேயே பளிச்சென்று தெரிந்தால் பூட்டி என்ன பயன்?

பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கும் வீடுகளில் அப் பின்னிங் என்ற வசதியைப் போடுங்கள். பிள்ளை அந்த ஒரு விளையாட்டை விட்டு வெளியே வர உங்கள் பின் வேண்டும்.

சிம்: எல்லோரும் மறக்கும் பூட்டு

திரை எவ்வளவு உறுதியாகப் பூட்டியிருந்தாலும், ஓர் ஊசியால் சிம்மை வெளியே எடுத்து இன்னொரு போனில் போட அரை நிமிடம் போதும். அதன் பிறகு உங்கள் இலக்கத்துக்கு வரும் எல்லாக் குறுஞ்செய்தியும் அந்தப் போனுக்குத்தான் வரும். இதைத் தடுப்பது சிம் பின். அன்ட்ரொயிட்டில் செட்டிங்ஸ், செக்கியூரிட்டி, அதற்குள் சிம் லொக். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் சிம் பின்.

இங்கே பிழைவிட்டால் வில்லங்கம், ஆகவே அவதானம். பூட்டைப் போடும்போது போன் முதலில் கேட்பது பழைய பின்னை, அதாவது நிறுவனம் சிம்மில் வைத்துத் தந்த இலக்கத்தை. சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையில் அது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்துக் கேளுங்கள். ஊகித்துப் பார்க்க வேண்டாம். மூன்று தடவை பிழைத்தால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் 8 இலக்கப் பியூகே எண்ணைக் கேட்கும். அது நிறுவனத்திடம் கிடைக்கும். பியூகேயும் பத்துத் தடவை பிழைத்தால் அந்தச் சிம் செத்துப்போகும், புதிது எடுக்க வேண்டியதுதான். பழைய பின் சரியாகப் போனதும் உங்களுக்கென்று புதிய 4 இலக்கத்தை வையுங்கள். திரைப் பின்னையே இதற்கும் வைக்க வேண்டாம். பியூகே எண்ணையும் தாளில் குறியுங்கள்.

போனை அணைத்துப் போடும்போதெல்லாம் இனிச் சிம் பின்னைக் கேட்கும், அதைத் தட்டும் வரை அழைப்பு எதுவும் வராது. வீட்டில் வயதானவர்களின் போனில் போட்டால் இதைச் சொல்லி வையுங்கள். "போன் வேலை செய்யேல்ல" என்று அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விடயம். கட்டாருக்குப் போன அண்ணனின் பெயரில், காலமான அப்பாவின் பெயரில், நண்பனின் பெயரில் எடுத்த சிம்மைப் பத்து வருடமாகப் பாவிக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். போன் தொலையும் நாளில்தான் சிக்கல் தெரியும். அதே இலக்கத்தில் மாற்றுச் சிம் கேட்டால், பதிவில் உள்ளவரின் அடையாள அட்டையைக் கேட்பார்கள். அண்ணன் வரும் வரை வங்கியும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரேயொரு வேலைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்: உங்கள் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கிளைக்குப் போய், சிம் யார் பெயரில் என்று கேட்டு, வேண்டிய கடிதங்களைக் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அண்ணன் லீவில் வந்து நிற்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போனால் ஒரு நாளில் முடியும்.

கடைப் பையன் திறந்து தந்த ஜிமெயில்

போன் வாங்கிய அன்று, "அண்ணா, ஒரு ஜிமெயில் போட்டுத் தாறன்" என்று கடையில் நிற்பவர் இரண்டு நிமிடத்தில் ஒரு கணக்கைத் திறந்து தருவார். நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் கடவுச்சொல் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. மீட்பு இலக்கமாகச் சில வேளை கடையின் இலக்கமே இருக்கும். போனைத் தேடுவது, தூரத்திலிருந்து பூட்டுவது, படங்களை மீட்பது எல்லாமே இந்தக் கணக்கின் வழியாகத்தான் நடக்கின்றன.

செட்டிங்ஸ், கூகுள், மெனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட், செக்கியூரிட்டி என்று போங்கள். அங்கே நான்கு வேலை. ஒன்று, கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி இடையில் ஓர் இலக்கம் போட்டால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மாட்டீர்கள். இரண்டு, ரிகவரி போன் என்ற இடத்தில் உங்கள் இலக்கம் இருக்கிறதா பாருங்கள், தெரியாத இலக்கம் இருந்தால் நீக்குங்கள். மூன்று, யுவர் டிவைசஸ் பட்டியலைத் திறந்து, விற்றுவிட்ட பழைய போனோ தெரியாத கருவியோ இருந்தால் சைன் அவுட் செய்யுங்கள். நான்கு, டூ ஸ்டெப் வெரிபிகேஷனைப் போடுங்கள். இதைப் போட்டால் கடவுச்சொல் தெரிந்தவர்கூட உங்கள் அனுமதியின்றி நுழைய முடியாது.

நான்காவதில் ஒரு பொறி இருக்கிறது. அனுமதி கேட்கும் செய்தி வருவது உங்கள் போனுக்கு. அந்தப் போனே தொலைந்துவிட்டால்? அதற்காகவே பேக்கப் கோட்ஸ் என்று 10 எண்களைக் கூகுள் தருகிறது, ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் பாவிக்கலாம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதே போனில் வைப்பதால் பயனில்லை. தாளில் எழுதுங்கள்.

பிறகு அதே கூகுள் பகுதிக்குள் தெஃப்ட் புரொடெக்ஷன் என்று தேடுங்கள். 2024இல் வரத் தொடங்கிய இந்த வசதி அன்ட்ரொயிட் 10உம் அதற்குப் பின்னரும் உள்ள பல போன்களில் கிடைக்கும். யாராவது போனைப் பறித்துக்கொண்டு ஓடினால் அசைவை உணர்ந்து திரை தானாகப் பூட்டும். அங்கேயே உள்ள ரிமோட் லொக்கையும் போட்டு வைத்தால், பிறகு யாருடைய போனிலிருந்தும் உங்கள் இலக்கத்தை மட்டும் கொடுத்துப் பூட்டலாம். ஐபோன்காரர்கள் போனைத் தேடும் ஃபைண்ட் மை போட்டிருக்கிறதா பார்த்துவிட்டு, ஐஓஎஸ் 17.3 முதல் உள்ள ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷனையும் போடுங்கள்.

வட்ஸ்அப்: பூட்டை உடைக்காமல் உள்ளே வருபவர்கள்

"அக்கா, பிழையா உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, ஒருக்கா அனுப்பிவிடுங்கோவன்." தெரிந்தவரின் பெயரில், அவருடைய படத்தோடு வரும். சில நிமிடம் முன்னதாக 6 இலக்கம் ஒன்றும் உங்களுக்கு உண்மையாகவே வந்திருக்கும். நடப்பது இதுதான்: அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கனவே பறிபோய்விட்டது. அதைப் பிடித்தவர் இப்போது உங்கள் இலக்கத்தைத் தன் போனில் பதியப் பார்க்கிறார், அதற்கான சாவிதான் அந்த 6 இலக்கம். அனுப்பிய அடுத்த நிமிடம் உங்கள் வட்ஸ்அப் அவருடையது. இரவுக்குள் உங்கள் மாமாவுக்கும் கனடாவில் உள்ள தங்கைக்கும் உங்கள் பெயரில் "அவசரம், ஒரு 50,000 போட்டுவிடுங்கோ" என்று செய்தி போகும்.

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிகேஷன் என்று போய் 6 இலக்கப் பின் ஒன்றை வையுங்கள், மின்னஞ்சலையும் கொடுங்கள். இது இருந்தால் குறுஞ்செய்தி இலக்கம் கைமாறினாலும் கணக்குப் போகாது. மின்னஞ்சல் கொடுக்காமல் பின்னையும் மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். லிங்க்ட் டிவைசஸ் பட்டியலையும் மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள், தெரியாத கணினி இருந்தால் அதைத் தொட்டு லொக் அவுட் செய்யுங்கள்.

கணக்கு ஏற்கனவே போய்விட்டதென்றால் பதற வேண்டாம். உங்கள் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து இலக்கத்தைக் கொடுத்து, வரும் 6 இலக்கத்தைத் தட்டினால் மற்றவர் வெளியே தள்ளப்படுவார். அவர் பின் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் ஆகலாம், ஆனால் அவரும் உள்ளே இருக்க மாட்டார். அந்த இடைவெளியில் உறவினருக்குச் சாதாரண அழைப்பில் சொல்லிவிடுங்கள். காசு கேட்டு யார் செய்தி அனுப்பினாலும் சாதாரண அழைப்பெடுத்துக் குரலைக் கேட்ட பிறகே அனுப்புவது என்று வீட்டில் எல்லோரும் பேசி வையுங்கள்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. இணைப்பைச் சரிசெய்வதாகச் சொல்லி, *21* என்று தொடங்கி ஒரு போன் இலக்கத்தோடு # இல் முடியும் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அது உங்கள் அழைப்புகளை அவர்களுக்குத் திருப்பிவிடும் கட்டளை. *#21# அழுத்தினால் திருப்பல் இருக்கிறதா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்பல்களையும் நீக்கும்.

செயலிகளும் இணைப்புகளும்

செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். வட்ஸ்அப் குழுவில் பரீட்சைப் பெறுபேறு, இலவச டேட்டா என்ற பெயர்களில் வரும், ஏபிகே என்று முடியும் கோப்புகளைத் தொட வேண்டாம். செட்டிங்ஸில் இன்ஸ்டோல் அன்னோன் அப்ஸ் என்று தேடி, வட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அதைவிட முக்கியம் எக்சசிபிலிட்டி பகுதி. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக வந்த இந்த அனுமதி, திரையில் இருப்பதை வாசிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் ஒரு செயலிக்கு இடம் கொடுக்கிறது. கெட்ட செயலி கேட்பதும் இதைத்தான். அங்கே நீங்கள் போடாத பெயர் ஏதும் ஒன் ஆக இருந்தால் ஓஃப் செய்துவிட்டு அந்தச் செயலியையும் அழியுங்கள்.

உடனடிக் கடன் தரும் செயலிகள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும். தவணை பிந்தினால் உங்கள் ஆசிரியருக்கும் மாமியாருக்கும் அழைப்புப் போவது அந்த வழியால்தான். கடன் கொடுப்பவருக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு?

வைரஸ் எதிர்ப்புச் செயலி, போனைச் சுத்தமாக்கும் செயலி எதுவும் தேவையில்லை. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு பிளே புரொடெக்ட், ஸ்கேன். அது போதும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் இலவச வைஃபை பற்றியும் தேவைக்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள். வங்கி வேலைக்கு மட்டும் சொந்த டேட்டாவைப் பாவியுங்கள்.

தபால் திணைக்களத்தின் பெயரில், "உங்கள் பொதி நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று இணைப்போடு வரும் செய்தியைக் கிட்டத்தில் பாருங்கள். இணைப்பில் முதலாவது தனிச் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னால் உள்ள சொற்களைப் படியுங்கள். நமது அரச தளங்கள் அங்கே கவ் டொட் எல்கே என்று முடியும். போலி இணைப்பில் தபாலின் பெயர் முன்பக்கம் எங்கோ இருக்கும், சாய்கோட்டுக்கு முன்னால் டொட் டொப், டொட் விஐபி போன்ற ஏதோ ஒன்று நிற்கும். கட்டணம் சிறிதுதான், அவர்களுக்கு வேண்டியது நீங்கள் தட்டும் அட்டை இலக்கமும் பின்புறத்து மூன்று இலக்கமும்.

திருத்தக் கொடுக்கும்போது

டிஸ்பிளே மாற்ற உங்கள் பின் தேவையில்லை. தொடுதிரையைச் சோதிக்க வேண்டுமென்றால் நீங்களே திறந்து கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தால் சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி எடுங்கள். மெமரி காட்டுக்குத் திரைப் பூட்டு பொருந்தாது, சாதாரணமாகப் பாவிக்கும் காட்டை எந்தக் கணினியில் போட்டாலும் படங்கள் அப்படியே தெரியும். புதிய சம்சுங் பலவற்றில் மெயின்டனன்ஸ் மோட் உண்டு, போட்டுக் கொடுத்தால் போன் வேலை செய்யும், ஆனால் உங்கள் படமும் செய்தியும் தெரியாது. விற்கும்போது முதலில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபெக்டரி ரீசெட். வாங்கும்போது அந்த ரீசெட்டை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். பழைய சொந்தக்காரரின் கணக்கைக் கேட்டால் அந்தப் போன் வேண்டாம்.

தொலைந்துவிட்டால், இந்த ஒழுங்கில்

1. இன்னொருவரின் போனால் அழையுங்கள். பஸ்ஸில் விழுந்த போனை நடத்துநர் எடுத்து வைத்திருப்பதும் உண்டு.

2. சிம் பின் போடவில்லையென்றால் உடனே சிம் நிறுவனத்துக்கு அழைத்து நிறுத்துங்கள். போட்டிருந்தால் சற்றுப் பொறுக்கலாம், சிம்மை நிறுத்தினால் டேட்டாவும் நின்று, போனைத் தேடும் வழி அடைபடும்.

3. வேறொரு போனில், நுழைந்த விபரத்தைச் சேமிக்காத இன்கொக்னிட்டோ பக்கத்தைத் திறந்து, கூகுளின் ஃபைண்ட் ஹப் தளத்தில் உங்கள் கணக்கால் நுழையுங்கள். அனுமதி கேட்டால் தாளில் உள்ள பேக்கப் கோட்ஸில் ஒன்றைக் கொடுங்கள். முதலில் பூட்டுங்கள், அழிக்க அவசரப்பட வேண்டாம். அன்ட்ரொயிட் போனை அழித்துவிட்டால் பிறகு வரைபடத்தில் தேட முடியாது. வட்டம் காட்டும் வீட்டுக்குத் தனியே போகாதீர்கள். அது நாலு வீடு தள்ளியும் காட்டும், ஆளும் யாரென்று தெரியாது. பொலிஸிடம் காட்டுங்கள்.

4. வங்கிக்கு அழைத்து அட்டையையும் இணையவழி வங்கிச் சேவையையும் நிறுத்துங்கள்.

5. ஐஎம்ஈஐ எண்ணோடு பொலிஸில் முறைப்பாடு. பொலிஸின் ஐநீட் இணையத்தளத்திலும் தொலைந்த போன்களைப் பதியலாம். முறைப்பாட்டுப் பிரதியை வாங்கி வையுங்கள்.

6. அடையாள அட்டையோடு போய் அதே இலக்கத்தில் மாற்றுச் சிம் எடுத்து, அன்றே வட்ஸ்அப்பைப் பதியுங்கள். கணக்குகள் கைமாறியிருந்தாலோ யாராவது படங்களை வைத்து மிரட்டினாலோ இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101க்கு அழையுங்கள். மிரட்டுபவருக்குக் காசு அனுப்ப வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம், அவைதான் சாட்சி.

ஐபோன் தொலைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து, "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இங்கே நுழைந்து இடத்தைப் பாருங்கள்" என்று ஓர் இணைப்பு வரலாம். போனை வைத்திருப்பவரால் பூட்டைத் திறக்க முடியவில்லை, அதனால் கடவுச்சொல்லை உங்களிடமே கேட்கிறார். அந்த இணைப்பைத் திறக்காமல், செய்தியைப் படமெடுத்து முறைப்பாட்டுப் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.